மிதிக்காமலே பிரேக் பிடிக்கும் மினிவேன்: காரணம் என்ன?

டிரைவர் காலே வைக்கவில்லை; ஆனாலும் ஓடும் வேன் பலமாக பிரேக் பிடிக்கிறது. பிரேக் லைட்டும் எரியாததால் பின்னால் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. ஆபத்தே அதுதான். இந்தக் கோளாறுக்காக 2013 நவம்பரில் அமெரிக்காவில் சுமார் 3,44,000 ஒடிசி மினிவேன்களை ஹோண்டா திரும்ப அழைத்தது. எல்லாம் 2007, 2008 மாடல்கள்.

சிக்கல் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலில். ஸ்டீயரிங் ஒரு பக்கம், வண்டி வேறு பக்கம் போனால் சறுக்குதுன்னு அர்த்தம். உடனே இந்த சிஸ்டம் தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுத்து வண்டியை வழிக்குக் கொண்டுவரும். ஒடிசியில் சாஃப்ட்வேர் பிழையால் அளவீடு சரியாக செட் ஆகாமல் போகலாம். அப்போது சறுக்கலே இல்லாமல் பிரேக்கில் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் பிடித்துவிடும்.

எந்த வண்டியானாலும், டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட விளக்கு மினுக்கினால் சிஸ்டம் வேலை செய்கிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், நீங்களே சுவிட்சில் ஆஃப் செய்யாதபட்சத்தில், நேராக சர்வீஸ் சென்டர்தான்.