அமெரிக்க லாரி ஓட்டுநர்களின் தினப்படி வரிக்கழிவு

அமெரிக்காவில் வீட்டை விட்டு நாள்கணக்கில் லாரி ஓட்டுபவர்கள், வழியில் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியைக் கூட்டரசு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளத் தரப்படும் சலுகை. சொந்த லாரி வைத்துத் தொழில் செய்பவர்களுக்கே இன்று இது கிடைக்கிறது.

ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் ரசீது சேர்த்து வைக்கத் தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி. போக்குவரத்துத் தொழிலுக்கென்று வரித்துறையான ஐ.ஆர்.எஸ். நாளொன்றுக்கு ஒரு தொகையைத் தினப்படியாக நிர்ணயிக்கிறது. 2021 அக்டோபரில் 69 டாலராக இருந்த அந்தத் தொகை, 2024 அக்டோபர் 1 முதல் 80 டாலர் ஆனது. கனடாவிலோ அலாஸ்காவிலோ ஓட்டும் நாட்களுக்கு 86 டாலர். புறப்படும் நாளுக்கும் வீடு திரும்பும் நாளுக்கும் முக்கால் பங்குதான்.

தொகை முழுவதையும் கழிக்க முடியாது. மற்றத் தொழில்காரர்களில் பெரும்பாலோரின் உணவுச் செலவில் 50 சதவீதமே கழியும்; லாரி ஓட்டுநருக்கு 80 சதவீதம். இதற்கு நியாயமான காரணம் உண்டு. வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம். பிறகு 10 மணி நேர ஓய்வு கட்டாயம். கெடு முடியும்போது வண்டி எங்கே நிற்கிறதோ, அங்கே கிடைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். பெரும்பாலும் அது நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்து உணவகம். வீட்டுச் சமையலை விட அங்கே விலை அதிகம். ஆண்டுக்கு 200 முழு நாட்கள் ஓட்டியவருக்கு 16,000 டாலர் கணக்காகி, 12,800 டாலர் கழிகிறது. வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் அதற்கேற்பக் குறையும்.

தூங்கி ஓய்வெடுத்தாக வேண்டிய அளவுக்குப் பயணம் நீள வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை; 1967இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எத்தனை மைல் ஓட்டினாலும் இரவே வீடு திரும்புபவருக்குச் சலுகை இல்லை. நிலையான வீடு இல்லாமல் லாரியிலேயே வாழ்பவருக்கும் இல்லை. எந்த இரவு எங்கே தங்கினார் என்பதற்கு, வண்டியில் பொருத்தியிருக்கும் மின்னணுப் பதிவுக் கருவியே சாட்சி. லாரியின் படுக்கையில் தூங்கிய இரவுக்கு வாடகை என்று எதையும் கழிக்க முடியாது.

சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்கும் 2017 வரை இந்தக் கழிவுக்கு வழி இருந்தது. அந்த ஆண்டு இயற்றப்பட்ட வரிச் சட்டம் 2018 முதல் அதை நிறுத்தி வைத்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாகவே எடுத்துவிட்டது. ஒரே மேசையில் ஒரே உணவைச் சாப்பிடும் இருவரில் லாரி முதலாளிக்குக் கழிவு, கூலிக்காரருக்கு இல்லை. இது அநீதி.

சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்கு நிறுவனம் விரும்பினால் விதிகளுக்கு உட்பட்டு வரியில்லாத் தினப்படி தரலாம். ஆனால் மைல் கணக்கில் தரும் கூலியிலிருந்தே ஒரு பகுதியைப் பிரித்துத் தினப்படி என்று கொடுக்கும் முறையும் இருக்கிறது. அப்போது கைக்கு வரும் பணம் சற்றுக் கூடினாலும் கணக்கில் சம்பளம் குறைகிறது. முதுமைக்கால சமூகப் பாதுகாப்புத் தொகை, வேலையிழப்பு உதவி, வீட்டுக் கடன் எல்லாம் அந்தச் சம்பளத்தை வைத்தே முடிவாகின்றன. தினப்படி கூலிக்கு மேல் வருகிறதா, கூலியிலிருந்து பிடிக்கப்படுகிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஓட்டுநர் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.