மாகோனும் பறங்கியரும் பட்டாணியரும்

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "படையெடுத்து வந்து கோயிலை இடித்தவர்களின் வழிவந்தவர்களோடு எப்படி ஐயா ஒற்றுமையாக வாழ முடியும்?" 1311இல் மதுரைக்கு வந்த மாலிக் கபூர் அவர் மனத்தில் இருந்தான். அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. மட்டக்களப்பு வாவிக்கரையை மனத்தில் வைத்து, இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

படையெடுத்தவன் யார் என்பதே அங்கே எளிதில் தீராத கேள்வி. 1215இல் 24,000 வீரரோடு வந்திறங்கிப் பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகன், சூளவம்சத்தில் கொடியவன். விகாரைகளை இடித்தவன், ஏடுகளைச் சிதைத்தவன், பௌத்தர்களைத் துன்புறுத்தியவன். அதே மனிதன் வாவிக்கரை மரபைச் சொல்லும் மட்டக்களப்பு மான்மியத்தில் மாகோன் ஆகிறான். கோயில்களுக்கு ஊழிய முறையும், குடிகளுக்கு வரிசை மரியாதையும் வகுத்துத் தந்த மன்னனாக அங்கே போற்றப்படுகிறான். இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. மாகனின் குற்றத்துக்கு இன்றைய தமிழர் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு சிங்கள நண்பர் கேட்டால் நான் ஒப்புக்கொள்வேனா? மாட்டேன். சென்னை இளைஞரும் ஒப்பமாட்டார்.

அடுத்து வந்தவர்கள் போர்த்துக்கேயர். 1620களில் திருகோணமலையில் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். 1628இல் புளியந்தீவில் இன்னொரு கோட்டை கட்டினார்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசர் கோயிலை இடிக்க வந்தபோது கல்நந்தி எழுந்து புல் தின்றது, பறங்கிப்படை அஞ்சி ஓடியது என்று படுவான்கரை மக்கள் இன்றும் சொல்வார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து புளியந்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினார்கள்.

போர்த்துக்கேயரின் ஆட்சி போயிற்று. அவர்களின் வழித்தோன்றல்கள் போகவில்லை. மட்டக்களப்பில் பறங்கியர் என்ற சிறு கத்தோலிக்கச் சமூகம் இன்றும் இருக்கிறது. தச்சும் கொல்லும் அவர்களுடைய மரபுத் தொழில்கள். வீட்டுக்குள் போர்த்துக்கேயம் கலந்த மொழி, வெளியே தமிழ், கலியாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆட்டம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது டச்பார் கரையில் அவர்களில் பலர் மாண்டார்கள். கோணேசர் கோயிலுக்கு நீங்கள் பொறுப்பு என்று அவர்களிடம் எவரும் கேட்டதாக நான் அறியேன். கேட்டால் ஊர் சிரிக்கும்.

அதே போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டியரசன் செனரத், பௌத்தன், அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்பில் குடியமர்த்தினான். இதை எழுதி வைத்தவர் போர்த்துக்கேயப் பாதிரியாரான குவேறோஸ். அதற்கு முன்பும் அக்கரையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போரில் பட்டாணியர் முக்குவர் பக்கம் நின்று வென்றதாகவும், நன்றியாக முக்குவப் பெண்களை மணமுடித்து ஏறாவூரில் குடியிருத்தப்பட்டதாகவும் கதை. எதிரியை வென்ற இடம் சத்துருக்கொண்டான் ஆயிற்றாம். கதையின் ஒவ்வொரு விவரத்தையும் வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தமிழரும் முஸ்லிம்களும் ஒருமித்துச் சொன்ன கதை அது என்பதற்கு மதிப்பு உண்டு.

கதையைவிட வலிய சான்று குடிமுறை. வாவிக்கரையில் இந்துவுக்கும் குடி உண்டு, முஸ்லிமுக்கும் குடி உண்டு; இரண்டும் தாய்வழி வருபவை. கோயிலில் குடியின் சார்பில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்கார். மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வரவேண்டும். இரண்டு சமயத்தாரும் அண்டைவீட்டுக்காரராக மட்டும் இருந்தால் இத்தனை ஒற்றுமை வந்திராது.

இதை எழுதிவிட்டு 1990ஐ எழுதாமல் விட்டால் நான் பொய்யன். ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் தமிழ்ப் புலிகள். ஒன்பது நாளில் ஏறாவூர். அதே 12ஆம் திகதி வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்தனர் என்பது தப்பியவர்களின் சாட்சியம். செப்டம்பர் 9 அன்று, அதே சத்துருக்கொண்டானில், 180க்கும் மேற்பட்ட தமிழரை இராணுவம் கொன்றது. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

அக்டோபர் 30 அன்று என் யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவாருக்கு இரண்டு மணி நேரம் தந்து ஊரைவிட்டுத் துரத்தினார்கள். 1626இல் போர்த்துக்கேயன் செய்ததை, தமிழ் பேசுவோரே தமிழ் பேசுவோருக்குச் செய்தார்கள். அப்போது நான் கொழும்பில் ஒரு நாளிதழில் செய்திப் பகுதியில் இருந்தேன். நாங்கள் அச்சிட்டது உள்பக்கத்தில், சில வரிகள். அதை நீளமாக்க நான் ஆசிரியரோடு வாதாடவில்லை. அந்தத் தெருவில் நான் சிறுவனாகக் கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்த கடைகள் இருந்தன.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. சியோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளையும் கொன்றது. அந்தக் கும்பலின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன். ஆனால் 2017இலேயே அவனுடைய ஆட்கள் தம் ஊரின் சூபி முஸ்லிம்களைத் தாக்கியதும், முஸ்லிம்களே முறையிட்டதும், அவன் தலைமறைவானதும் நாளிதழ்களில் வந்தவை. குண்டு வெடித்த பின் மட்டக்களப்பின் சில இடங்களில் முஸ்லிம் கடைகளுக்குத் தமிழர் போகாமல் விட்டார்கள். கடைக்காரர் சஹ்ரானுக்கு என்ன உறவு என்று எவரும் விசாரிக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, காத்தான்குடியையும் ஆரையம்பதியையும் பிரிக்கும் எல்லைப் பக்கம் போனேன். துணிக்கடை முதியவர் ஒருவர் தேநீர் வரவழைத்தார். பேச்சு நடுவே, "நீங்க என்ன குடி, தம்பி?" என்றார். எனக்குக் குடி இல்லை, யாழ்ப்பாணத்தான் என்றேன். மறுநாள் ஆரையம்பதிக் கோயில் வண்ணக்கர் ஒருவரும் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். இருவரும் ஒரேமாதிரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அப்ப, பொம்பிளப் பிள்ளைக்கு வீடு குடுக்கிறது எப்படி?" என்றார் வண்ணக்கர்.