திராட்சைத் தோட்டத்துக் கன்னியர்

கிரவீனிலிருந்து றைடல்மெயர் சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் நெருங்கி நிற்கும் அப்பகுதியில், இந்நாட்டுக்கு வந்த புதிதில் எம்மவர் பலர் இரவு வேலை பார்த்திருக்கின்றனர். அவ்வழியாகப் பாய்ந்து பரமற்றா ஆற்றிற் கலக்கும் சிற்றோடைகளுள் ஒன்றின் பெயர் வின்யாட் ஓடை. திராட்சைத் தோட்ட ஓடை என்பது அதன் பொருள். மற்றொன்று சுபியாக்கோ ஓடை. இன்று அங்கே திராட்சைக் கொடியும் இல்லை, சுபியாக்கோ எனப்பட்ட மடமும் இல்லை. இரு பெயர்கள் மாத்திரம் நீரோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை வந்த வரலாறு, வீடிழந்து நாடு கடந்த எமக்குப் புதிதாகத் தோன்றாது என்பதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

அந்நிலம் முதலில் தருக் மக்களுள் ஒரு குலத்தினரான பரமற்றகல் என்போருக்கு உரியது. பரமற்றா என்ற பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். எமது கிரவீனும் மலர்கள் நிறைந்த இடத்தைக் குறிக்கும் ஆதிக்குடிகளின் சொல்லென்பர். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஆற்றங்கரையில் 140 ஏக்கரை 1791 இல் பிலிப் ஷேபர் என்னும் ஜேர்மனியருக்கு ஆளுநர் வழங்கினார். அவர் அங்கே திராட்சை பயிரிட்டு, தம் காணிக்கு 'வின்யாட்' என்று பெயரிட்டார். பின்னர் அது ஹனிபல் மக்காதர் என்னும் செல்வந்தரின் கைக்கு மாறியது. கட்டடக் கலைஞர் ஜோன் வேர்ஜின் திட்டப்படி 1830 களில் அங்கே கற்றூண்களோடு கூடிய மாளிகையொன்று எழுந்தது. 1840 களின் பொருளாதார வீழ்ச்சியில் மக்காதர் வங்குரோத்து ஆனார். மாளிகையைக் கத்தோலிக்க பேராயர் ஜோன் பீட் போல்டிங் வாங்கினார்.

போல்டிங், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. இங்கிலாந்தின் டவுன்சைட் மடத்தவர். 1835 இல் சிட்னிக்கு வந்த அவர், குற்றவாளிகளும் காவலரும் குடியேறிகளுமாகக் கலந்து கிடந்த இக்குடியேற்றத்தின் நடுவே மடங்களை எழுப்பி, அவற்றினின்று மறைமாவட்டம் முழுவதற்கும் உயிரூட்டலாம் என்று கனவு கண்டவர். அக்கனவின் பெரும்பகுதி அவருடனேயே மறைந்தது. துறவியரைவிடப் பங்குக் குருமாரையும் பள்ளிக்கூடங்களையுமே அயர்லாந்திலிருந்து வந்த மக்கள் வேண்டி நின்றனர். எனினும் அவர் நட்டதில் ஒரு செடி பட்டுப்போகவில்லை. 1848 பெப்ரவரியில் அவர் ஐரோப்பாவிலிருந்து திரும்பியபோது கன்னியர் இருவர் உடன் வந்தனர். ஒருவர் ஸ்ரான்புறூக் மடத்து மக்தலேன் லெ கிளேர். மற்றவர் பிரின்ஸ்தோர்ப் மடத்து ஸ்கொலாஸ்திக்கா கிரகரி. 1849 இல் வின்யாட் மாளிகை மடமாயிற்று. ஆசீர்வாதப்பர் தம் துறவைத் தொடங்கிய இத்தாலியக் குகைப் பிரதேசத்தின் பெயரால் அதனைச் சுபியாக்கோ என்றழைத்தனர். பேர்த் நகரில் அதே பெயரில் ஒரு பகுதி உண்டென்பதை வாசகர் அறிவர். அதுவும் ஆசீர்வாதப்பர் சபையினரால் வந்த பெயரே. ஆயின் அது வேறு கதை.

அவ்விரு கன்னியரும் எங்கிருந்து வந்தனர் என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். இருவரும் அகதி மடங்களின் புதல்வியர்.

கத்தோலிக்க துறவு இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டிருந்த 1623 ஆம் ஆண்டு, ஆங்கிலேய இளம்பெண்கள் ஒன்பதின்மர் கடல் கடந்து கம்பிறேக்குச் சென்றனர். அங்கே அவர்கள் அமைத்த மடத்திலிருந்து வளர்ந்ததே ஸ்ரான்புறூக். மன்னன் எட்டாம் ஹென்றியால் தலை துண்டிக்கப்பட்ட தோமஸ் மோரின் வழித்தோன்றல் ஒருவரும் அவ்வொன்பதின்மருள் இருந்தார். ஏறக்குறைய 170 ஆண்டுகள் பிறநாட்டில் செபித்து வாழ்ந்த அக்குடும்பத்தைப் பிரெஞ்சுப் புரட்சி வந்து கலைத்தது. 1793 இல் கன்னியர் கைதாகிக் கொம்பியேன் நகரில் அடைக்கப்பட்டனர். சிறையிலேயே சிலர் இறந்தனர். அதே சிறையில் வைக்கப்பட்டிருந்த கார்மேல் சபைக் கன்னியர் பதினாறு பேர் பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1794 யூலை 17 இல் கொலைக்களத்தில் உயிர் நீத்தனர். அவர்கள் விட்டுச் சென்ற சாதாரண உடைகளே உடுக்கத் துணியற்றிருந்த ஆங்கிலக் கன்னியருக்குக் கிடைத்தன. 1795 இல் அவ்வுடைகளோடுதான் அவர்கள் இங்கிலாந்துக் கரையில் இறங்கினர். பின்னர் இடம் மாறி இடம் மாறி, 1838 இல் ஸ்ரான்புறூக்கில் நிலைபெற்றனர். பிரின்ஸ்தோர்ப் கன்னியரின் முன்னோர் பிரான்சின் மொந்தார்ஜி நகரத்தவர். அவர்கள் 1792 இல் இங்கிலாந்துக்குத் தப்பியோடியவர்கள்.

உடுத்த துணியோடு கரையிறங்கியோரின் வரிசையில் தாமே முதல்வர் என்று எம்மில் எவரேனும் எண்ணியிருப்பின், இது நினைவிற் கொள்ளத்தக்கது.

வியப்பு யாதெனில், இக்கன்னியர் எடுக்கும் வார்த்தைப்பாடுகளுள் ஒன்று நிலைபேறு என்பது. சேர்ந்த குடும்பத்தைவிட்டுச் சாகும்வரை அகலேன் என்பதே அதன் உள்ளடக்கம். ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூல் 73 அதிகாரங்களைக் கொண்டது. அதில் மடத்திற் சேர வருபவருக்கு இலகுவிற் கதவு திறக்கப்படலாகாது என்று சொல்லப்படுகின்றது. நாலைந்து நாள் வாயிலில் நின்று தட்டி, அவமதிப்பைப் பொறுத்து, அதன்பின்னும் போகாதவரையே உள்ளே அழைக்கவேண்டும். தேவ அழைத்தல் என்பது ஒரு நாள் உள்ளம் உருகுவதால் மாத்திரம் உறுதிப்படுவதில்லை என்ற அனுபவ அறிவு அதில் உள்ளது. இன்றைய விதிகளும் அவ்வாறே. தியான மடங்களுக்கு றோம் 2018 இல் விதித்த ஒழுங்கின்படி, வாயிலில் நுழைந்த பெண் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க ஒன்பது ஆண்டுகளேனும் பயிற்சி பெறவேண்டும். பரிசோதனைக் காலம், நவசந்நியாசம், தற்காலிக வார்த்தைப்பாடு என ஒவ்வொரு படியிலும் அவரும் வெளியேறலாம். மடமும் வேண்டாம் எனலாம். வைத்தியராவதற்கும் இத்தனை காலம் வேண்டியதில்லை.

உள்ளே சென்றபின் காத்திருப்பது என்ன? விடியுமுன் எழுந்து செபம், பின்னர் வேலை, மீண்டும் செபம், திருநூல் வாசிப்பு, மௌனம். நூற்றைம்பது சங்கீதங்களையும் ஒரு கிழமைக்குள் பாடி முடிக்கவேண்டும் என்பது ஒழுங்குநூலின் ஏற்பாடு. யாரோடு வாழ்வது என்பதை அங்கு எவரும் தெரிவுசெய்வதில்லை. இசை அறிந்தவர், முணுமுணுப்பவர், பிந்தி வருபவர், முதியவர், நோயாளர் எல்லோரும் ஒரே மேசையில் அமர்வர். ஐம்பது ஆண்டுகள் அதே முகங்களோடு இருப்பது எத்தகைய தவம் என்பதனை, ஒரே அறையில் ஆறு பேராய்ச் சில மாதங்கள் வாழ்ந்த எம்மவர் ஓரளவு ஊகிக்கலாம். குடும்ப வரிசையில் ஒருவரின் இடம் அவர் மடத்தில் நுழைந்த நாளைப் பொறுத்ததாகும். பிறப்பையோ செல்வத்தையோ பொறுத்ததன்று. முக்கிய விடயங்களில் இளையவர் உட்பட அனைவரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும் என்பதும் அந்நூலின் கட்டளை.

நூலில் இருந்தது நடைமுறையில் எப்போதும் இருந்ததென்று சொல்வதற்கில்லை. சீதனத்தோடு வந்து இலத்தீனிற் சங்கீதம் பாடும் கன்னியர் ஒரு வகுப்பாகவும், அடுக்களையிலும் தோட்டத்திலும் உழைக்கும் சகோதரிகள் மறு வகுப்பாகவும் ஐரோப்பிய பெண்துறவு மடங்களில் நெடுங்காலம் பிரிந்திருந்தனர். சீதனமும் வகுப்பும் எம்மவர்க்கு விளக்கவேண்டிய சொற்கள் அல்ல. தெய்வத்தின் வீட்டினுள்ளும் அவை புகுந்திருந்தன என்பதே வருத்தத்துக்குரியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் அப்பிரிவினையை நீக்குமாறு பணித்தது.

அன்றைய அடைப்பு வாழ்வின் கடுமையையும் மறைக்கவேண்டியதில்லை. பார்க்க வரும் பெற்றாரோடு கம்பிக் கிராதியின் பின்னிருந்தே கன்னியர் பேசினர். தந்தை இறந்தாலும் மகள் மடத்தைவிட்டுப் போவதில்லை. தொலைபேசியில் இழவுச் செய்தி கேட்டு, விமானம் ஏற வழியின்றிச் சிட்னியில் அறைச் சுவரைப் பார்த்து அழுதவர்கள் எம்மிடையே எத்தனையோ பேர். என் தாய்க்குக் கொள்ளி வைக்க நானும் போகவில்லை. அந்நாளில் ஒரு முதிய கன்னியாஸ்திரியின் கதையை வாசித்தபோது, எமக்கு விதிக்கப்பட்டதை இவர் ஏன் தாமாக ஏற்றார் என்று சினமே எழுந்தது. அச்சினம் இன்றும் முற்றாகத் தணிந்துவிடவில்லை. ஆயினும் ஒன்று விளங்கியது: தன் துயரத்தைத் தனியே சுமக்க அவரை விடாமல், நாளுக்கு ஏழு முறை அவரோடு நின்று பாட ஒரு கூட்டம் அங்கே இருந்தது. எம்மிற் பலருக்கு அக்கூட்டம் இருக்கவில்லை.

சுபியாக்கோ கன்னியரின் வாழ்வு தொடக்கத்தில் முழுமையான தியான வாழ்வாக அமையவில்லை. பிள்ளைகளுக்குக் கல்வி இல்லாத குடியேற்றத்தில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியொன்றை நடத்துமாறு போல்டிங் வேண்டினார். வருவாய்க்கும் அதுவே வழியாயிற்று. சுமார் எழுபது ஆண்டுகள் செபத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே அவர்கள் இழுபட்டனர். 1920 களின் தொடக்கத்தில் பள்ளி மூடப்பட்டபின்னரே, வந்த நோக்கத்துக்கு முழுமையாகத் திரும்ப முடிந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1926 இல், பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் மறைபரப்பு நாடுகளில் தியான மடங்கள் எழவேண்டுமென ஒரு சுற்றுமடலில் வலியுறுத்தினார். அந்நாட்டு மக்களைத் தாழ்ந்தோராக எண்ணுவதையும் அதிற் கண்டித்தார். அக்குரலுக்கு விடை எழுந்த இடங்களுள் ஒன்று எமது வலிகாமம். யாழ்ப்பாணம் பாண்டியன்தாழ்விற் பிறந்தவரும் அமலமரித் தியாகிகள் சபைக் குருவுமான தோமஸ் அடிகளார், ஆயர் கியோமாரின் ஆதரவோடு 1928 பெப்ரவரி 2 இல் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை ஆரம்பித்தார். ஐரோப்பிய மடமொன்றின் கிளையாக அன்றி, எம் மண்ணின் மைந்தராலேயே எழுந்த தியான சபை அது. அவ்வழியில் பெண்களுக்கான செபமாலைக் கன்னியர் சபையும் பின்னர் தோன்றியது. தோலகட்டி ஆச்சிரமத்தின் திராட்சை இரசத்தையும் நெல்லி இரசத்தையும் அறியாத யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளும் குறைவு. துறவியர் மௌனமாய் இருந்தனர். போத்தல்கள் ஊரெங்கும் பேசின. 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தபோது அம்மண்ணும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. துறவியரும் மக்களோடு மக்களாய் வெளியேறினர்.

சிட்னிக் கன்னியரை வெளியேற்றியது போரன்று. சுற்றிலும் புகைபோக்கிகள் எழுந்து மௌனம் அழிந்தமையால், 1957 இல் றைடல்மெயரைவிட்டுப் பென்னன்ற் ஹில்சுக்குச் சென்றனர். 1961 இல் பழைய மாளிகை தொழிற்சாலைக்காக இடிக்கப்பட்டது. கற்றூண்கள் சிலவே தப்பின. அவ்விடிப்பு சிட்னி செய்த பெருந்தவறுகளுள் ஒன்றென்பதே என் கருத்து. புறநகர் பென்னன்ற் ஹில்சையும் எட்டியபோது, 1980 களின் இறுதியில், கயாமாவுக்கு அருகே ஜம்பரூ மலைச்சாரலுக்குப் பெயர்ந்தனர். 2007 இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஐந்து பெண்களை 33 நாட்கள் அங்கே தங்கவைத்து எடுத்த தொடரால் நாடே அம்மடத்தை அறிந்தது.

ஆக, நிலைபேறு வாக்களித்தவர்கள் இந்நாட்டில் இருமுறை வீடு மாறினர். முன்னோரின் பெயர்ச்சிகளை எண்ணினால் இன்னும் பல. மாளிகை போயிற்று, பள்ளி போயிற்று, இலத்தீன் ஆங்கிலமாயிற்று. விடியுமுன் எழும் வழக்கமும், சங்கீதங்களின் சுற்றும், நுழைந்த நாளின்படி அமரும் வரிசையுமே எடுத்துச் செல்லப்பட்டன. வாக்கு கொடுக்கப்பட்டது ஒரு குடும்பத்துக்காதலால், கட்டடம் இடிந்தபோது அது இடியவில்லை.

பிற மடங்களைப் பற்றியும் ஒரு சொல். சிட்னியின் கார்மேல் கன்னியர் 1885 இல் பிரான்சிலிருந்து வந்தவர்கள். மெல்பேர்ண் கியூ மடம் 1922 இல் அவர்களிடமிருந்து கிளைத்தது. கிரவீனுக்கு வடக்கே றிவர்ஸ்ரோனில் மடம் அமைத்த ரைபேர்ண் கன்னியரின் சபை, பிரான்சின் 1901 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலண்டனுக்கு ஓடியது. இங்கும் அதே கதை.

இன்று இம்மடங்களை அச்சுறுத்துவது ஆளின்மை. நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தோர் தொகை ஐந்தாகக் குறைந்தால், ஒரு மடம் தன் தலைவியைத் தானே தெரிவுசெய்யும் உரிமையை இழக்கும் என்பது 2018 ஆம் ஆண்டு விதி. எம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டங்களில் காலிக் கதிரைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அக்கணக்கின் கனம் தெரியும்.

ஜம்பரூவில் மெழுகுதிரி வார்த்துக் கன்னியர் தம் உணவுக்கு உழைக்கின்றனர். விருந்தினரை இறைவனாகவே ஏற்கவேண்டும் என்பது ஒழுங்குநூலின் 53 ஆம் அதிகாரம். வருபவர் எச்சமயத்தவர் என்று வாயிலில் எவரும் கேட்பதில்லை. சிட்னியிலிருந்து தெற்கே ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். விடியற்காலைச் செபத்தைக் கேட்க விரும்புவோர் முதல்நாளே போய்த் தங்குவது நல்லது.