உளுத்த தூணுக்குப் புதிய பாதம்

மண்ணில் நேரே நட்ட தூணின் அடி ஈரத்தால் உளுத்துப்போவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ட ஜப்பானியர், 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொரியாவிலிருந்து வந்த பௌத்த ஆலயச் சிற்பிகளின் வழியே, தூணைக் கல்லின்மீது நிறுத்தக் கற்றனர். சாமானியர் இல்லங்களுக்கு அம்முறை பரவப் பல நூற்றாண்டுகள் சென்றன.

கல்மேல் நின்ற தூணுக்கும் தரைப்பலகையின் கீழே ஈரமும் கறையானும் சத்துருக்களே. அடி உளுத்தபோது தச்சர், வீட்டைக் கலைக்காமல், உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்துச் சற்றே உயர்த்தி, உளுத்த பாகத்தை உறுதியான வைரம் தென்படும்வரை அறுத்தெடுத்து, நாவும் பள்ளமுமாகச் செதுக்கிய புதுக்கட்டையை ஆணியின்றிக் கோத்து, குறுக்கே மரஆப்பு இறுக்குவர். பழுதை மட்டும் நீக்கிய இவ்விவேகத்தை, நிர்மாண சாஸ்திரத்தின் சிகரங்களுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

ஜப்பானின் ஹோரியூஜி பௌத்த ஆலயக் கோபுரத்தின் மத்திய ஸ்தம்பமோ மண்ணுள் புதைத்து நிறுத்தப்பட்டது. அதன் அடி மக்கி, வெறும் குழியே எஞ்சியிருந்தது 1926-இல் புலனாயிற்று.