அடுக்களைப் பேச்சைப் பாட்டாக்கியவர்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களிலே வளர்ந்த இசையைக் 'கன்ட்ரி' இசை என்பர். வாய்மொழியாக வழங்கிய பழைய கதைப்பாடல்களும் தேவாலயப் பாடல்களும் அதன் வேர்கள். எனினும், நமது நாட்டார் பாடல்களைப் போல ஆக்கியோர் பெயர் தெரியாத பாடல்கள் அல்ல இவை. 1920களில் வானொலியும் இசைத்தட்டும் கிராமங்களை எட்டியதோடு, தாமே எழுதித் தாமே பாடும் கலைஞர்கள் தோன்றினர். அவர்களுள் தனியிடம் பெற்றவர் லொரெட்டா லின்.

1932 ஏப்ரல் 14இல் கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியிலே பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவரான லொரெட்டாவுக்கு 1948இல், பதினைந்து வயதிலே, திருமணம் நடந்தது. கணவரோடு நாட்டின் மறுகோடியிலுள்ள வொஷிங்டன் மாநிலத்துக்குச் சென்று, அங்கே நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். தாலாட்டும் வேலைப்பாட்டுமாக அவர் பாடுவதைக் கேட்ட கணவர், 1953இல் 17 டொலருக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தார். வாசிக்கவும் எழுதவும் அவர் தாமாகவே கற்றுக்கொண்டார்.

1960இல் முதல் இசைத்தட்டு வெளியானது. விளம்பரத்துக்குப் பணமில்லை. கணவனும் மனைவியும் காரிலே வானொலி நிலையம் நிலையமாக ஏறி இறங்கி, இசைத்தட்டை ஒலிபரப்புமாறு கேட்டனர். சிறுவயதில் வீட்டிலே குடும்பத்தோடு கேட்டு மகிழ்ந்த 'கிராண்ட் ஓல் ஒப்ரி' என்ற நாஷ்வில் வானொலி நிகழ்ச்சியில் அதே ஆண்டு அவரும் பாடினார்.

நேயர்களே, அவர் பாடிய பொருள்தான் இங்கே கவனிக்கத்தக்கது. குடித்துவிட்டு வரும் கணவனை வாசலிலே மறிக்கும் மனைவியின் பேச்சு, 1967இல் அவருக்கு முதன்முதலாகத் தரவரிசையில் முதலிடம் தேடித்தந்தது. 1970இல் வெளியான 'சுரங்கத் தொழிலாளியின் மகள்' என்ற பாடலிலே தம் வீட்டு வறுமையை நாணமின்றி, அழுகையுமின்றிச் சொன்னார். தந்தை 1959இலேயே காலமாகிவிட்டார். மகளின் ஓர் இசைத்தட்டையேனும் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை முதன்முதலாகப் பெற்ற பெண்ணும் அவரே. ஆயினும், கருத்தடை மாத்திரையால் விடுதலை பெற்ற மனைவியைப் பற்றி அவர் பாடிய பாடல் 1975இல் வெளிவந்தபோது, பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அவருக்குக் கதவு திறந்த அதே வானொலி, இப்போது கதவை அடைத்தது. பாடல் அடங்கிவிடவில்லை, கன்ட்ரி தரவரிசையில் 5ஆம் இடம்வரை ஏறிற்று. பெண்கள் தமக்குள்ளே மெல்லப் பேசிக்கொண்டதை அவர் உரக்கப் பாடினார். தடைக்குக் காரணமும் அதுவே, வரவேற்புக்குக் காரணமும் அதுவே.

1976இல் வெளிவந்த அவரது சுயசரிதை 1980இல் திரைப்படமாகி, அவராக நடித்த சிசி ஸ்பேசெக்குக்கு ஒஸ்கார் விருதைப் பெற்றுத்தந்தது. எழுபது வயதைக் கடந்தபின் இளைய ரொக் கலைஞர் ஜக் வைற்றுடன் இணைந்து 2004இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு இரண்டு கிராமி விருதுகளை வென்றது. 2022 ஒக்டோபர் 4இல், தொண்ணூறாவது வயதில் மறைந்தார்.

கல்வி அதிகம் பெறாதவர் அவர். இலக்கியம் படைக்கிறோம் என்று எண்ணி எழுதியவருமல்லர். வாழ்ந்ததை, வாழ்ந்த மொழியிலேயே சொன்னார். அதனாற்றான் சுரங்கத்தையே காணாத பெண்களும் அப்பாடல்களிலே தம் வீட்டைக் கண்டனர்.