நாலு அங்குலம் பறந்த ராக்கெட்

2023 அக்டோபர் 21. ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யானின் ஆளில்லாச் சோதனை, கிளம்ப ஐந்து விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டதே, ஞாபகமிருக்கிறதா? லக்னோவில் என் பக்கத்து சீட்காரர் உடனே "ஃபெயில் ஹோ கயா?" என்றார். பத்து மணிக்கெல்லாம் ஏவிவிட்டார்கள், அது வேறு விஷயம். எனக்கு நினைவு வந்தது அமெரிக்காவின் மெர்குரி திட்டம்தான்.

1960 நவம்பர் 21, கேப் கனாவெரல். மனிதனை அனுப்புமுன் ரெட்ஸ்டோன் ராக்கெட்டின் உச்சியில் காலிக் கூண்டை வைத்து ஒரு சோதனை. 83 அடி ராக்கெட் சுமார் நாலு அங்குலம் எழும்பியது. எஞ்சின் அணைந்தது. அப்படியே மேடையில் உட்கார்ந்துகொண்டது!

கூத்து இனிமேல்தான். கூண்டின் தலையிலிருந்த தப்பிக்கும் கோபுரம் மட்டும் தனியாகப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அப்புறம் பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தொங்கின. கூண்டின் மேல் தப்பில்லை. எஞ்சின் நின்றால் கோபுரத்தைக் கழற்று, 10,000 அடிக்குக் கீழே என்றால் பாராசூட்டை விரி, அதில் எடை தெரியாவிட்டால் மாற்றுப் பாராசூட்டையும் விரி... சொன்னதைத்தான் செய்தது. ஒவ்வொரு வவுச்சரும் சரி, பேலன்ஸ் மட்டும் இடிக்கிறது!

காரணம் ராக்கெட்டின் வாலில். இரண்டு கேபிள்களில் கண்ட்ரோல் கேபிள் முதலில் கழல வேண்டும், பவர் கேபிள் பிறகு. மாட்டியிருந்ததோ ராணுவ ஏவுகணைக்கான நீளமான கண்ட்ரோல் கேபிள். அது 29 மில்லிசெகண்ட் தாமதமாகக் கழன்றது. அதற்குள் மின்சாரம் தப்பான வழியில் பாய்ந்து எஞ்சினை அணைத்துவிட்டது.

இப்போது என்ன செய்வது? எரிபொருள் நிறைந்த ராக்கெட், பிடிமானமில்லாமல் நிற்கிறது. பாராசூட்டில் காற்று பிடித்தால் சாய்ந்துவிடும். துப்பாக்கியால் சுட்டு டேங்க்கில் ஓட்டை போடலாம் என்றுகூட ஒரு யோசனை! கடைசியில் கிறிஸ் கிராஃப்ட் குழு எடுத்த முடிவு: யாரும் கிட்டே போகவேண்டாம். மறுநாள் காலைவரை பேட்டரி தீரட்டும், திரவ ஆக்சிஜன் ஆவியாகட்டும்.

ஊர் சிரித்தது. என்னைக் கேட்டால், மெர்குரி திட்டத்தின் மிகச் சிறந்த முடிவுகளில் அது ஒன்று. மார்ச் 31 ராத்திரி சிஸ்டம் உறைந்தால் எத்தனை கைகள் கீபோர்டுக்குப் பாயும் என்று பார்த்தவன் நான். சும்மா இருப்பது லேசில்லை, சார்.

அதே கூண்டு, வேறு ராக்கெட், கூடுதலாக ஒரு எர்த்திங் பட்டை. டிசம்பர் 19 அன்று ஒழுங்காகப் பறந்தது. 1961 ஜனவரியில் ஹாம் என்ற சிம்பன்சி போய்வந்தது. அதிலும் கோளாறுகள். எனவே மார்ச்சில் இன்னொரு ஆளில்லாச் சோதனை. ஏப்ரல் 12 அன்று ககாரின் முந்திக்கொண்டார். ஆலன் ஷெப்பர்ட் ரெட்ஸ்டோனில் ஏறியது மே 5 அன்று. பதினைந்து நிமிடப் பயணம், பத்திரமாகக் கடலில் இறங்கினார்.