விகிதமுறு எண்களின் கூட்டல், கழித்தல்: நடுநிலை வகுப்புகளில் மதிப்பீடு

பின்னமும் குறை எண்ணும் ஒரே கணக்கில் வந்து மாணவரை மடக்கும் இடம் விகிதமுறு எண்கள். தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் இது எட்டாம் வகுப்பின் முதல் இயலில் வருகிறது. சிபிஎஸ்இ பள்ளிகளில் நெடுங்காலம் இருந்த என்சிஇஆர்டி புத்தகமோ இதை ஏழாம் வகுப்பிலேயே வைத்தது. திருச்சி கே.கே. நகரில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் இதே கணக்கை ஓராண்டு முன்பின்னாகச் சந்தித்தது அதனால்தான்.

மதிப்பீட்டின் தரம் வினாவில் போடும் எண்களைப் பொறுத்தது. −3/4 + 5/6 என்ற கணக்கைப் பார்க்கலாம். சரியான விடை 1/12. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியவர் 2/10 என்பார். மீ.சி.ம. 12 என்று கண்டுபிடித்துவிட்டு, தொகுதியை மாற்ற மறந்தவருக்கு 2/12 வரும். குறைக்குறியைக் கண்டுகொள்ளாதவருக்கு 19/12. குறியில் மட்டும் தடுமாறியவருக்கு −1/12. தவறு ஒவ்வொன்றும் தனி விடையாக வெளியே வருகிறது. கழித்தலுக்கு −2/5 − (−1/2) நல்ல வினா: விடை 1/10, இரட்டைக் குறைக்குறியை மாற்றாதவர் −9/10 எழுதுவார்.

கூட்டல் நேர்மாறைச் சோதிக்கும் 3/7 + (−3/7) அப்படியல்ல. பகுதிகளையும் சேர்த்துக் கூட்டியவருக்கும் 0/14, அதாவது பூச்சியமே கிடைக்கும். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்பதை இந்த வினா காட்டாது.

  

புரிதலைச் சோதிக்க, உத்தேச மதிப்பைக் கேட்பது இன்னொரு வழி. அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீட்டில், 12/13 + 7/8 எதற்கு அருகில் இருக்கும் என்று 13 வயதினரிடம் கேட்டார்கள். இரண்டுமே ஏறக்குறைய ஒன்று. எனவே விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம்தான். 19 என்றவர்கள் 28, 21 என்றவர்கள் 27 சதவீதம்.

தமிழகத்தில் 2012-13-இல் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு வந்த முப்பருவ முறை, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று பிரித்தது. மேலே சொன்ன வகை வினாக்களுக்குப் பொருத்தமான இடமாக இருந்தது அந்த 40தான். மாறாக, மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தரும் என்எம்எம்எஸ் தேர்வை எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஓஎம்ஆர் தாளில் எழுதுகிறார்கள். அதில் வழிமுறைக்கு மதிப்பெண் இல்லை. −9/12 + 10/12 வரை சரியாக வந்து குறியில் சறுக்கியவரும், 2/10-க்கு நேரே வட்டத்தை நிரப்பியவரும் அங்கே ஒரே தட்டில்தான். வகுப்புத் தேர்விலோ முதலாமவருக்கு ஆசிரியர் பாதி மதிப்பெண்ணாவது போட முடியும்.